அணியத்தில் பூ வைத்த படகு

"பட்டம் வாங்கின கையோட படகுக்கு அடியில போய்ப் படுக்கப் போறியா? இதுக்கா உங்கப்பன் உன்னப் படிக்க வெச்சான்?"

என் அத்தை கேட்ட கேள்வி இது. யாங்கோன் நகரத்தில், தாமுவேப் பகுதியில் எங்கள் வீட்டுக் கூடத்தில், மடியில் பூக்கூடையும் கையில் நாருமாக உட்கார்ந்து கேட்டார். அத்தை பபேடானில் இருக்கும் கோயிலுக்குப் பூ கட்டிக் கொடுப்பவர். அப்பாவுக்கு மாநகராட்சியில் சாக்கடை தூர் வாரும் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். வேதியியலில் பட்டமும் வாங்கினேன். அப்பா அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். அத்தை அதை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார்.

"படுத்துத்தான் அத்தை பெயின்ட் அடிக்கணும். படகோட அடி கீழதானே இருக்கு?" என்றேன்.

"வாயப் பாரு," என்று அடுத்த முடிச்சைப் போட்டார்.

போன மாதம்தான் 'சபே'யிலிருந்து இறங்கினேன். சபே என்றால் பர்மிய மொழியில் மல்லிகை. பத்து வருஷத்துக்கு மேல் நான் வண்ணமடித்து, பழுது பார்த்து, கூடவே பயணம் போன படகு அது. புதிதாக அந்த வேலைக்கு வந்திருக்கும் இரண்டு பெண்கள், "அக்கா, எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார்கள். எல்லாவற்றையும் எழுத முடியாது. இப்படி எழுதுவதற்கு ஒரு வயசு வேண்டும் என்பார்கள். என் தலையில் ஒரு முடிகூட நரைக்கவில்லை. ஆனாலும் ஒரு வேலையை முடித்துவிட்டு வந்தவளுக்கு, அதைப் பற்றிச் சொல்ல உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

படகு வேலைக்கு நான் வந்தது பெயின்ட் கடை வழியாக. பட்டம் வாங்கியதும் பபேடானில் ஒரு பெயின்ட் கடையில் விற்பனைக்கு நின்றேன். ஒரு நாள் ஒரு பர்மிய அம்மா வந்து, உரிந்த பெயின்ட்டை ஒரு தாளில் மடித்துக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். "உங்க சரக்கு ஒரு மழைக்காலம்கூடத் தாங்கல." நான் அந்தச் செதிலைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் பளபளவென்று இருந்தது. பழைய பூச்சை உப்புத்தாளால் தேய்க்காமல் அதன் மேலேயே அடித்திருக்கிறார்கள். "பெயின்ட் மேல தப்பில்ல. அது பிடிச்சு நிக்க நீங்க இடம் குடுக்கல" என்றேன். அவர் செதில்களைத் திரும்பத் தாளில் மடித்துக்கொண்டே, "படகைப் பார்க்க வர்றியா?" என்றார். அவர்தான் மா நிலார், சபேயின் சொந்தக்காரர்.

சபே நீளமான, ஒடுக்கமான தேக்குப் படகு. நடுவில் கூரை, இரண்டு பக்கமும் இருக்கைகள், பின்னால் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின். யாங்கோன் ஆற்றைக் குறுக்கே கடந்து, துவாண்டே கால்வாய்க்குள் போய், பானை செய்யும் ஊர் வரைக்கும் ஆட்களை ஏற்றிச் செல்லும். கோயிலுக்குப் போகிறவர்கள், கல்யாணக் கூட்டம், துறவிகளுக்குத் தானம் கொண்டுபோகிறவர்கள் என்று வருவார்கள்.

கற்றுக்கொண்ட வருஷங்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். முதல் வருஷம் சுரண்டினேன். இரண்டாம் வருஷம் சுரண்டினேன், அடைத்தேன். மூன்றாம் வருஷம்தான் தூரிகை கைக்கு வந்தது.

வேலையின் முறை இப்படி. மழைக்காலம் முடிந்து, விளக்குத் திருவிழாப் பௌர்ணமியில் ஆற்றுக்கு வரும் பெரிய நீரேற்றத்தில் படகை எதிர்க்கரையான டலாவில் உருளைக்கட்டைகள் மேல் இழுத்து நிறுத்துவோம். தண்ணீர் வடிந்ததும் படகு சேற்றுக்கு மேல் காய ஆரம்பிக்கும். அடியிலுள்ள பாசியைச் சுரண்டி, காய்ந்த ஓலையைக் கொளுத்திப் பலகையை ஒட்டியபடி நகர்த்துவோம். மரத்துக்குள் இருக்கும் புழு அந்தச் சூட்டில் செத்துப்போகும். பிறகு பலகைகளின் இடுக்குகளில் பழைய அடைப்பைத் தோண்டியெடுத்து, பஞ்சுத்திரியைச் செலுத்தி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி அடைப்போம். கோயிலில் புகை போடும் அதே குங்கிலியம்தான். முதல் தடவை அந்த வாசனையோடு வீட்டுக்குப் போனபோது அத்தை, "கோயிலுக்கா போயிட்டு வந்த?" என்று கேட்டார். அதன் பிறகுதான் சிவப்பு அடிப்பூச்சு, நடுப்பூச்சு, மேல்பூச்சு. தூரிகை பலகையின் நீளவாக்கில்தான் போக வேண்டும். விட்ட விளிம்பு ஈரமாக இருக்கும்போதே அடுத்த கை தொடர வேண்டும். காய்ந்துவிட்டால் அந்தக் கோடு வருஷம் முழுக்க உங்களைப் பார்த்துச் சிரிக்கும். காலைப் பனி போகும் முன் டப்பாவைத் திறக்கக் கூடாது. புறங்கையைப் பலகையில் வைத்தால் மரம் குளிர்ச்சியாக இருக்கிறதா என்று தெரியும். குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, காத்திருங்கள். அமாவாசை ஏற்றத்தில் படகு மறுபடி தண்ணீருக்குப் போகும். அந்த ஏற்றத்தைத் தவறவிட்டால், அடுத்த பெரிய ஏற்றம் வரை சேற்றில்தான்.

கால்வாயில் போகும்போதும் எனக்கு வேலை உண்டு. ஆகாயத்தாமரை மிதந்து வந்து எஞ்சினின் உந்துவிசிறியில் சுற்றிக்கொள்ளும். எஞ்சினைப் பின்னோக்கி ஒரு சுற்று விட்டால் பாதி கழன்றுவிடும், மீதியைக் கத்தியால்தான் அறுக்க வேண்டும். கரையோரத்து வீடுகளைக் கடக்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் அலை அங்கே பாத்திரம் கழுவுகிறவர்களின் சட்டியை இழுத்துக்கொண்டு போகும், அவர்களுடைய வசவு நம்மைத் துவாண்டே வரைக்கும் துரத்தும்.

மா நிலாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் கத்தி நான் கேட்டதில்லை. படிந்த வகிடு, இஸ்திரி போட்ட லொன்ஜிக் கைலி, கரைச் சேற்றிலும் அழுக்குப்படாத செருப்பு. யார் எதைச் சொன்னாலும் அவர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "பார்த்தியா, கேட்டியா, நினைக்கிறியா?" இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லாமல் அவரிடம் எந்தச் சேதியும் நகராது. "எஞ்சின் சூடாகுது" என்றால் போதாது. "தொட்டுப் பார்த்தேன், கை வைக்க முடியல" என்று சொல்ல வேண்டும். ஒரு தடவை நான், "பெயின்ட் காய்ஞ்சிருக்கும்" என்றேன். அவர் தன் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டி, "அப்போ இதை வெச்சு அழுத்து" என்றார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் அதை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். எனக்கு எந்தப் பல்கலைக்கழகமும் கொடுக்காத பாடம் என்று இதை நன்றியோடு சொல்வேன். அன்றைக்கு நினைத்தது என்னவோ, "இந்த அம்மாவிடம் மாட்டிக்கொண்டேனே" என்பதுதான்.

இன்னொருவர் சுக்கான் பிடிக்கும் ஊ சான் ஷ்வே. டலாக்காரர். வாயில் எப்போதும் அணைந்த சுருட்டு. நான் வந்த முதல் நாளிலிருந்தே என்னை 'சயாமா' என்றுதான் கூப்பிடுவார். டீச்சரம்மா என்று அர்த்தம். மரியாதைக்காக அல்ல.

"சயாமா, இந்தத் துரு என்ன ரசாயனம்?"

"உங்க சோம்பேறித்தனத்தோட காத்து சேர்ந்த ரசாயனம், ஊலே."

ஊலே என்றால் மாமா. சிரித்துவிட்டுத் தானே துருவைத் தேய்ப்பார்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவரிடம் விளையாட்டே கிடையாது. படகின் முன்முனையைத் துறைமுகத்தில் வேலை செய்த எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் அணியம் என்பார்கள். பர்மியர்களுக்கு அங்கேதான் நீர்வழியைக் காக்கும் தெய்வம், நாட், உட்கார்ந்திருக்கிறது. ஊ சான் ஷ்வே தினமும் காலையில் அங்கே ஒரு மண்சாடியில் பூவும், தபியே என்னும் நாவல் இனத்து இலையும் வைத்து, நல்ல தண்ணீர் ஊற்றி, 'எஜமானே' என்று கும்பிட்டுவிட்டுத்தான் எஞ்சினைத் தொடுவார். அணியத்தில் யாரும் செருப்போடு ஏறக் கூடாது, காலை நீட்டி உட்காரக் கூடாது. பெண்கள் ஏறவே கூடாது. நான் வந்த முதல் வருஷமே கூரைக்கு முன்னால் ஒரு கோடு காட்டினார். "அதுவரைக்கும் உன் வேலை. அதுக்கு மேல எங்க வேலை." நான் ஒத்துக்கொண்டேன். எங்கள் கோயில் கருவறைக்குள் மட்டும் என்னை விடுகிறார்களா என்ன?

தூரிகை கைக்கு வந்து சில வருஷம் கழித்து நடந்த ஒன்றைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

பௌர்ணமிக்குப் படகைக் கரையேற்றியிருந்தோம். மழைக்குப் பின் துறவிகளுக்குக் காவியாடை கொடுக்கும் கடெய்ன் மாதம். அமாவாசை முடிந்த கையோடு ஒரு பெரிய குடும்பம் சபேயைப் பேசி வைத்திருந்தது. பெரும்பாலும் வயதான பெண்கள், நீச்சல் தெரியாதவர்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம், என் பக்கத்தில், மூன்றாவது பலகையில் பெயின்ட் கொப்புளம் விட்டிருந்தது. போன வருஷமும் அதே இடத்தில் சுரண்டி அடித்தது எனக்கு நினைவிருந்தது. அதற்கு முந்தின வருஷமும்தான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கொப்புளம் வந்தால் ஈரம் வெளியிலிருந்து வரவில்லை, உள்ளேயிருந்து வருகிறது.

திருப்புளியின் மரப்பிடியால் தட்டினேன். கூரைப் பக்கம் 'டக், டக்' என்று கெட்டியாக இருந்தது. கோட்டை நெருங்க நெருங்க, ஊறின தேங்காய் மட்டையைத் தட்டுகிற மாதிரி ஆனது. கோட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

"ஊலே, அந்தப் பக்கம் நீங்க தட்டிப் பாருங்க."

அவர் விரல் முட்டியால், தூங்குகிறவர் வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி, இரண்டு தட்டுத் தட்டினார். "நல்லா இருக்கு."

"இப்படித் தட்டினா நல்லாத்தான் இருக்கும். சுரண்டிப் பாருங்க."

"எஜமான் உட்கார்ந்திருக்கிற இடத்துல இரும்பை வெக்கச் சொல்றியா?" சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். அவர் சுருட்டை எடுத்தால் பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எத்தனையோ வருஷமாக அணியத்தை யாரும் சுரண்டியதே இல்லை. பயபக்தியோடு பூச்சு மேல் பூச்சாக அடித்திருக்கிறார்கள். படகிலேயே அழகான, தடிமனான பெயின்ட் அங்கேதான். மேலே சாடியிலிருந்து தினமும் சிந்துகிற நல்ல தண்ணீர், இடுக்கில் இறங்கி, வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறது. ஓடுகிற ஆற்றுநீர் தேக்கை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. தேங்கி நிற்கிற நல்ல தண்ணீர்தான் மரத்தைத் தின்னும்.

மா நிலாரிடம் போனேன்.

"அணியத்துப் பலகை மக்கியிருக்கு."

"பார்த்தியா, கேட்டியா, நினைக்கிறியா?"

"என் பக்கம் தட்டினேன், சத்தம் கேட்டேன். அந்தப் பக்கம் மக்கியிருக்குன்னு நினைக்கிறேன். பார்க்கல."

அவர் படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ஊ சான் ஷ்வே இஷ்டமில்லாம அங்க வெட்டினா, அவர் போயிடுவார். அவர் இல்லாம நான் இந்தக் கால்வாய்ல படகு விட மாட்டேன். வெட்டிப் பார்த்து மரம் நல்லா இருந்துதுன்னா, உன்னையும் வெச்சுக்க முடியாது. வெட்டாம விட்டு, நீ சொன்னது நிஜமா இருந்தா…" கடெய்ன் குடும்பத்தின் பெரியவர்களை எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். "அமாவாசைக்குள்ள ஒரு வழி சொல்லு. அவர் மனசும் நோகக் கூடாது," என்றார்.

வீட்டுக்குப் போனேன். அத்தை பூ கட்டிக்கொண்டிருந்தார். மாலைகள் எல்லாம் ஒரு முழத்துக்கு மேல் இல்லை.

"என்ன அத்தை, இவ்வளவு குட்டி?"

"சாமிதான் இப்ப குட்டிக் கொட்டகையில இருக்கே. கோயில்ல வேல நடக்குதில்ல? பாலாலயம் பண்ணிக் குடத்துல இறக்கிக் கொண்டாந்து வெச்சிருக்கு. உள்ள போய்ப் பாரு, மேஸ்திரி உளியும் சுத்தியலுமா கருவறையில ஏறி நிக்கிறான். கொத்தனார் பொண்டாட்டி கலவ தூக்கிட்டுப் போறா."

"கருவறைக்குள்ளயா? யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"என்னத்தச் சொல்றது? சாமிதான் அங்க இல்லியே. வேல முடிஞ்சா திரும்பக் கூட்டிட்டுப் போய் வெப்பாங்க." நாரைப் பல்லால் கடித்து அறுத்தார். "ஏன்டி அப்படிப் பாக்குற?"

மறுநாள் காலையில் டலாவுக்குப் போன முதல் ஆள் நான்தான். ஊ சான் ஷ்வே கரையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து, எங்கள் கோயிலைப் புதுப்பிக்கும்போது என்ன செய்வார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னேன். படகைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உங்க சாமி ஒத்துக்குதா?"

"மரியாதையா கேட்டா ஒத்துக்கும். தேங்காய், பழம், பூ எல்லாம் வெச்சுக் கேக்கணும்."

"நாங்களும் தேங்காயும் வாழைப்பழமும்தானே வெக்கிறோம்," என்றார் மெல்ல. கோப்பையை மறுபடி எடுத்து மீதியைக் குடித்தார். பிறகு, "எங்க கொண்டு போய் வெக்கறது?"

"நீங்கதான் சொல்லணும், ஊலே. உங்க எஜமான்."

பின்னால், சுக்கானுக்குப் பக்கத்தில், தன் கண் பார்வையில் இருக்கும்படி ஒரு பலகை அடித்தார். குளித்துவிட்டு வந்தார். தட்டில் தேங்காய், வாழைப்பழம், புது தபியே இலை. அணியத்துக்கு எதிரே மண்டியிட்டுப் பேசினார். தெய்வத்தோடு பேசுகிற குரலே இல்லை; வீட்டுக்குப் பெரியவரிடம் பேசுகிற குரல்.

"எஜமானே, உங்க இடம் கெட்டுப்போச்சான்னு இந்தப் பொண்ணு சந்தேகப்படுது. படிச்ச பொண்ணு, விடமாட்டேங்குது. கொஞ்ச நாள் பின்னால என் பக்கத்துல வந்து உட்காருங்க. படகு கரையிலதான் நிக்குது, எஞ்சின் சத்தம் இருக்காது. வேல முடிஞ்சதும் நானே கூட்டிட்டு வந்து உட்கார வெப்பேன்."

சாடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பின்னால் நடந்தார். நாங்கள் எல்லாரும் வழி விட்டோம். மா நிலார் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

திரும்பி வந்து சுரண்டியை என்னிடம் நீட்டினார். "வீட்டுக்காரர் வெளிய போயிருக்கார். யார் வேணா உள்ள போய்ப் பெருக்கலாம். ஏறு, சயாமா."

முதல் தடவையாக அணியத்தில் ஏறினேன். பெயின்ட் தோல் தோலாக வந்தது. பச்சை, வெள்ளை, பச்சை, நீலம். நீலத்தில் சபே இருந்ததே எனக்குத் தெரியாது. அதற்குக் கீழே சுரண்டியின் முனை மரத்தில் இறங்கியது. நான் அழுத்தவே இல்லை, அதுவாகவே போனது. கறுத்த ஈரத்தூள் வெளியே வந்தது, நனைந்த கேக் மாதிரி. ஊ சான் ஷ்வே எட்டிப் பார்த்தார். தன் விரலை விட்டுப் பார்த்தார். விரல் பாதிக்கு மேல் உள்ளே போயிற்று.

"இதுலயா இத்தனை நாள் அவரை உட்கார வெச்சிருந்தேன்?" என்றார். என்னிடம் இல்லை. பின்பக்கம் பார்த்துச் சொன்னார்.

தச்சர் நல்ல மரம் தென்படும் வரை வெட்டி, புதுத் தேக்கைச் சாய்வாக ஒட்டிப் பொருத்தினார். இடுக்குகளை நான் அடைத்தேன். அடிப்பூச்சை அவசரப்படாமல் காயவிட்டேன். அமாவாசை நெருங்க நெருங்க எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். நான் புறங்கையைப் பலகையில் வைத்துப் பார்த்தேன். மா நிலார் ஒரு தடவைகூட, "முடிஞ்சுதா?" என்று கேட்கவில்லை. ஒரு காலையில் அவரே கைக்குட்டையை எடுத்து அணியத்தில் அழுத்தினார். வெள்ளையாகவே திரும்பி வந்தது.

கடைசியாக நான் ஒன்று செய்தேன். சாடி வைக்கும் இடத்தில் ஒரு செப்புத் தட்டு, ஆற்றுப் பக்கமாக ஒரு சின்னக் குழல். சிந்துகிற தண்ணீர் மரத்துக்குள் போகாமல் ஆற்றில் விழும். ஊ சான் ஷ்வே அதில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். "கோயில்ல அபிஷேகத் தண்ணி வெளிய வருமே, அது மாதிரி," என்றேன். "உங்க ஆளுங்களும் புத்திசாலிங்கதான்," என்றார். பிறகு எஜமானைத் திரும்பக் கூட்டி வந்து உட்கார வைத்தார். அன்றிலிருந்து கோடு மறுபடியும் கோடுதான். எஜமான் அங்கே இருக்கும்போது நான் அதைத் தாண்டவில்லை.

படகு இறங்கிய அன்று அத்தை வந்தார். எங்களுக்குத் தெரியாமல் டலாவுக்குத் தனியாகப் படகேறி வந்திருந்தார். கையில் ஒரு மல்லிகைச் சரம். குட்டியாக இல்லை, அணியம் முழுக்கச் சுற்றும் அளவுக்கு நீளம். ஊ சான் ஷ்வே அதை வாங்கி, தபியே இலைக்குப் பக்கத்தில் கட்டினார். அத்தை என் முழங்கையில் ஒட்டியிருந்த பச்சை பெயின்ட்டைப் பார்த்தார்.

"அடியில படுத்தியா?"

"படுத்தேன்."

"ம்," என்றார். சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துவிடப் பார்த்தார். காய்ந்துபோயிருந்தது, வரவில்லை.

கடெய்ன் குடும்பத்தோடு கால்வாய்க்குள் போனபோது, மணல் ஏற்றிய பெரிய படகு ஒன்று வேகமாகக் கடந்தது. அதன் அலை சபேயின் அணியத்தில் அறைந்தது. பாட்டிகள், "அம்மே!" என்று ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, பிறகு சிரித்தார்கள். மா நிலார் எழுந்து, கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்த தட்டுப் பலகையைத் தூக்கி, உள்ளே குனிந்து இறங்கினார். சற்று நேரத்தில் மேலே வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து, "பார்த்தேன்," என்றார். "உலர்ந்திருக்கு."

அந்த ஒரு சொல்லுக்காகவே இத்தனை வருஷம் அவரோடு இருந்தேன் என்று தோன்றுகிறது. அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் கரையேற்றும் நாளில் ஊ சான் ஷ்வே எஜமானைப் பின்னால் கூட்டிப்போய் வைத்தார். டீசல் கிடைக்காமல் சபே ஓடாத வருஷத்தில்கூட அதை விடவில்லை. இப்போது டலா கரையில் வேறு சில படகுகளிலும் அப்படிச் செய்கிறார்கள். புதிதாக வந்திருக்கும் பெண்களே, கொப்புளத்தை மறந்தாலும் இதை மறந்துவிடாதீர்கள்: சுரண்டியை எடுக்கும் முன் கேளுங்கள்.

நான் ஏன் இறங்கினேன் என்று கேட்பீர்கள். பசுண்டாங் ஓடையில் ஒரு பழைய படகு அரைகுறையாக மூழ்கிக் கிடந்தது. சபேயைவிடக் குட்டை, அகலம் கொஞ்சம் அதிகம். அதை வாங்கிவிட்டேன். போன பௌர்ணமி ஏற்றத்தில் டலாவில் கட்டைகள் மேல் ஏற்றியும்விட்டேன். இழுக்கும்போது கயிற்றின் முன்னால் நின்று சத்தம் கொடுத்தவர் ஊ சான் ஷ்வே. அப்பா விடுப்பு போட்டுவிட்டு வந்து, இன்னும் பெயர் எழுதாத பலகையைத் தடவிக்கொண்டு நின்றார்.

அதன் அணியத்திலும் யாரோ, எப்போதோ கட்டிய காய்ந்த இலைகள் இருந்தன. நேற்று தேங்காயும் பழமும் வைத்து, எனக்குத் தெரிந்த தமிழிலும் பர்மிய மொழியிலும் கேட்டுக்கொண்டு, அந்த இலைகளைப் பின்னால் சுக்கானுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். பிறகு திருப்புளியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, பின்னாலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன். இந்தப் படகில் எனக்குக் கோடு கிடையாது. கடைசிப் பலகை வரை தட்டினேன். மூன்று இடத்தில் சுரண்டியும் பார்த்தேன்; முனை தானாக உள்ளே இறங்கியது.

சாயங்காலம் மா நிலார் போன் செய்தார். "மரம் எப்படி இருக்கு?"

"பார்த்தேன்," என்றேன். "நாளைக்கு வெட்ட ஆரம்பிக்கிறோம்."